செயலியில் எத்தனை டேப் வைப்பது?

கடையில் பேரேடு எழுதிய காலத்தை நம் மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடித்த பேரேட்டின் ஓரத்தைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் ஓர் எழுத்தைப் போட்டிருப்பார்கள். பற்று வரவு பார்க்க வந்தவர் பெயரைச் சொன்னவுடன், கணக்குப்பிள்ளையின் கட்டைவிரல் உரிய எழுத்தின் மேல் போய் நிற்கும். பேரேடு முழுவதையும் புரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

கைப்பேசிச் செயலியில் 'டேப்' என்று சொல்லப்படுவதும் இந்த ஓர வெட்டுதான். திரையின் அடியிலோ மேலேயோ வரிசையாக நிற்கும் பெயர்களில் ஒன்றைத் தொட்டால் அதற்குரிய பக்கம் வரும். வேறொன்றைத் தொட்டால் வேறு பக்கம் வரும். இன்று நம் வணிகர்கள் பலர் கடைக்கென்று தனிச் செயலி செய்து வாங்குகிறார்கள். பணம் கொடுக்கும் நாம் நிறத்தையும் கடைப் பெயரின் எழுத்தையும் பார்க்கிறோமே தவிர, இந்த டேப்புகளைக் கவனிப்பதில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. அதனால் பட்ட பாட்டைச் சக வணிகர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் கடையில் நடந்தது

எங்களுடையது இரண்டு தலைமுறையாக நடக்கும் மளிகைக் கடை. 2022-இல் ஒரு செயலி செய்து வாங்கினோம். முகப்பு, சரக்குகள், கூடை, ஆர்டர்கள், தள்ளுபடி, எங்களைப் பற்றி, தொடர்புக்கு என்று ஏழு டேப் கேட்டோம். கொடுக்கும் காசுக்கு நிறைய இருக்கட்டும் என்பது எங்கள் எண்ணம். செய்து கொடுத்தவரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் எங்களுக்கு நெடுநாள் வாடிக்கையாளர். மாதம் பிறந்தால் அவர் வீட்டுச் சீட்டு வந்துவிடும். அவர் ஆவலோடு செயலியைப் போட்டுக்கொண்டு, துவரம் பருப்பு முதல் கட்டிப் பெருங்காயம் வரை 23 சாமான்களைக் குறித்தார். பிறகு தள்ளுபடி என்ன இருக்கிறது என்று அந்த டேப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பட்டியல் காலியாக இருந்தது. மறுபடி குறித்தார். மறுபடியும் அதே கதை.

மாலையில் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்க மெஷின் எனக்கு ஒத்து வரலை. பழையபடி சீட்டு எழுதி அனுப்பட்டுமா?" என்றார். அவர் எங்களிடம் சொன்னார். சொல்லாமலே வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்குத் தெரியாது.

பட்டியல் ஏன் அழிந்தது?

செய்து கொடுத்தவரை வரவழைத்துக் கேட்டோம். அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் கைப்பேசி கலைத்துவிடக் கூடும். நினைவகத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்கிறது. எங்கள் செயலி ஆண்ட்ராய்டில் வியூபேஜர் என்னும் முறையில் கட்டப்பட்டது. அது திறந்திருக்கும் பக்கத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு பக்கத்தை மட்டும் ஆயத்தமாக வைத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் உள்ளவை கலைந்துவிடும். திரும்பி வந்தால் புதிதாகக் கட்டப்படும்.

சரக்குகள் டேப் இரண்டாவது, தள்ளுபடி ஐந்தாவது. குறித்த பட்டியல் சரக்குப் பக்கத்தின் உள்ளேயே வைக்கப்பட்டிருந்ததால், பக்கம் கலைந்தபோது பட்டியலும் போயிற்று. செய்தவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் பக்கத்து டேப்புக்குப் போய்த் திரும்பிப் பார்த்திருக்கிறார். அப்போது பட்டியல் அப்படியே இருந்தது. தள்ளிப் போய்ப் பார்க்கவில்லை.

ஃபிளட்டர் என்னும் கருவியில் செய்யப்படும் செயலிகளிலும் இதே வகைத் தொல்லை உண்டு. பக்கத்தை உயிரோடு வைத்திரு என்று தனியாகச் சொன்னாலொழிய, மறைந்த டேப்பின் பக்கம் கலைந்துவிடும்.

இதற்குச் சரியான பரிகாரம், பட்டியலைப் பக்கத்துக்குள் வைக்காமல் எல்லா டேப்புக்கும் பொதுவான இடத்தில் வைப்பதுதான். எந்தப் பொட்டலம் எந்த மேசையில் கட்டப்பட்டாலும் சிட்டை கல்லாவில் இருப்பதில்லையா, அதுபோல. அதோடு, குறிக்கக் குறிக்கக் கைப்பேசியின் சேமிப்பிலும் எழுதிவிட வேண்டும். வாடிக்கையாளர் நடுவில் வாட்ஸ்அப் பார்க்கப் போனாலோ அழைப்பு வந்தாலோ, பின்னால் இருக்கும் செயலியைக் கைப்பேசி மொத்தமாக மூடிவிடுவதும் உண்டு.

மூன்று முதல் ஐந்து

இரண்டாவது தவறு எங்களுடையது. ஏழு டேப் கேட்டது நாங்கள்.

2007-இல் முதல் ஐபோன் வந்தபோது, அதன் தொலைபேசித் திரையின் அடியில் ஐந்து டேப்புகள்தான் இருந்தன. ஐபோனில் அதற்கு மேல் வைத்தால், மிஞ்சியவை 'மோர்' என்ற ஒரே டேப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் 2016-இல் அடிப்பட்டை டேப்புக்கான வழிமுறைகளைச் சொன்னபோது, மூன்றுக்குக் குறையாமலும் ஐந்துக்கு மேற்படாமலும் வைக்கச் சொன்னது.

காரணம் எளிது. விரல் தவறாமல் தொடுவதற்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடம் வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. அந்த இடத்தோடு படமும் வேண்டும், படத்தின் கீழ்ப் பெயரும் வேண்டும். ஏழு டேப்பை ஒரே வரிசையில் நெருக்கினால் 'தள்ளுபடி' என்பது 'தள்ளு...' என்று நிற்கும். எங்கள் செயலியில் அப்படித்தான் நின்றது. தலைமையாசிரியையும் அதைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார்.

இப்போது நான்காகக் குறைத்துவிட்டோம்: முகப்பு, சரக்கு, கூடை, கணக்கு. தள்ளுபடி முகப்புக்குள் போயிற்று. பழைய ஆர்டரும் பாக்கியும் கணக்கில் வந்தன. 'எங்களைப் பற்றி' தினமும் பார்க்கும் பக்கம் அல்ல. அதுவும் கணக்கின் கடைசியில் இருக்கிறது. தினம் கைபடும் சாமானைத்தானே நாம் கல்லாவுக்கு அருகில் வைக்கிறோம்?

மேலே ஒரு வரிசை

சரக்கு வகைகளுக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா, சோப்பு என்று பத்துப் பன்னிரண்டு வகை இருக்குமே? அவற்றை அடிப்பட்டையில் வைக்கக் கூடாது. சரக்குப் பக்கத்தின் மேற்பகுதியில் இன்னொரு டேப் வரிசையாக வைக்கலாம். அந்த வரிசையை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கலாம் என்பதால், ஐந்துக்கு மேல் போனாலும் பாதகமில்லை. அடியில் இருப்பது கடையின் பகுதிகள். மேலே இருப்பது ஒரு பகுதிக்குள் இருக்கும் அலமாரிகள். இரண்டையும் கலந்தால் வாடிக்கையாளர் திகைத்துப் போவார்.

வகைகளின் வரிசையையும் நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அகர வரிசையில் போட்டுவிடுவார்கள். எங்கள் செயலியில் முன்னால் ஊதுபத்தியும் நெடுந்தொலைவு தள்ளிப் பருப்பும் நின்றன.

பணம் கொடுக்கும் முன்

செயலியைக் கைக்கு வாங்கும் நாளில் பின்வருவனவற்றை நம் கண் முன்னே செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

1. பத்துச் சாமான் குறித்துவிட்டு, எல்லா டேப்பையும் ஒரு சுற்றுத் தொட்டுத் திரும்ப வேண்டும். பத்தும் இருக்க வேண்டும். பட்டியலில் நின்ற இடமும் மாறக் கூடாது.

2. செயலியை அடியோடு மூடித் திறந்து, கூடையைப் பார்க்க வேண்டும்.

3. கைப்பேசியில் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். டேப்பின் பெயர் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும்.

4. படம் மட்டும் இருந்தால் ஏற்க வேண்டாம். கூடைப் படம் நமக்குப் புரியும், மற்றப் படங்கள் எல்லோருக்கும் புரியும் என்று சொல்ல முடியாது. படத்தின் கீழ்த் தமிழில் ஒரே சொல்லாகப் பெயர் இருக்கட்டும்.

5. இணையம் மெதுவாக இருக்கும் இடத்தில் திறந்து பார்க்க வேண்டும். தொடாத டேப்புகளின் படங்களையெல்லாம் முதலிலேயே இறக்கிக்கொண்டிருந்தால், தொட்ட பக்கம் வரத் தாமதமாகும்.

6. கூடை டேப்பில் இருக்கும்போது பின்செல்லும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். முகப்புக்கு வர வேண்டுமே அல்லாமல், செயலி சட்டென்று மூடிவிடக் கூடாது.

இந்த ஆறையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எடை போட்டுப் பார்க்காமல் மூட்டை இறக்குவோமா? செயலியும் நாம் காசு கொடுத்து வாங்கும் சரக்குதான். குறை இருந்தால் பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன்பே சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள். நாங்கள் முழுத் தொகையும் கொடுத்த பிறகு கேட்டதால், திருத்துவதற்குத் தனியாகச் செலவழிக்க நேர்ந்தது.

திருத்திய செயலியை முதலில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியது அந்தத் தலைமையாசிரியை வீட்டில்தான். "டீச்சர், எந்த டேப்பை வேணும்னாலும் தொட்டுப் பாருங்க" என்றோம். நான்கையும் மாறி மாறித் தொட்டார். பட்டியல் அசையவில்லை. இப்போது அவர் மாதச் சாமானுக்குச் செயலியிலேயே குறிக்கிறார். நடுவில் வேண்டியிருக்கும் கறிவேப்பிலைக்கும் வெல்லத்துக்கும் மட்டும் வழக்கம்போலத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். அதையும் நாங்கள் சந்தோஷமாகவே எடுத்துக்கொள்கிறோம்.