எந்த வாசலில் போய் நிற்கிறது உங்கள் பணம்?

சொந்த ஊர் கரூர். பிழைப்பு, கென்யாவின் மேற்குக் கோடியில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு நகரத்தில். ஆணி, சிமெண்ட், கம்பி, கூரைத் தகரம் என்று மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்தால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எப்படியும் கேட்டுவிடுவார்: “ஏந் தம்பி, அங்க கொழந்தைங்க எலும்புந் தோலுமா இருக்கறத டிவியில பார்த்தா மனசு கேக்க மாட்டேங்குது. வீட்டுல பழைய துணி மூட்டை மூட்டையாக் கெடக்குது. அனுப்பி உட்டா ஆவுமா?”

கேட்பவர்களின் மனசில் குறையில்லை. ஆனால் நல்ல மனசோடு கொடுத்த பணமெல்லாம் நல்லது செய்துவிடுவதில்லை. எந்த உதவி குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது, எது வழியிலேயே கரைந்தது என்று தெரிந்துகொள்ள நான் இருக்கும் வட்டாரத்தைப் போலத் தோதான இடம் உலகத்தில் குறைவு. கிசுமுவை அடுத்த சியாயா, புசியா பகுதிகளில் சுமார் 30 ஆண்டுகளாகப் பொருளாதார ஆய்வாளர்கள் ஒவ்வொரு தானத்தையும் சோதித்துப் பார்த்துவருகிறார்கள். குலுக்கல் முறையில் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள்; மற்ற ஊர்களுக்கு அப்போது கொடுக்க மாட்டார்கள்; பிறகு இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுவார்கள். பாடநூல், மாத்திரை, சீருடை, கொசுவலை, ரொக்கம் எல்லாமே இந்தப் பேரேட்டில் ஏறியிருக்கின்றன.

முதலில் ஒரு திருத்தம். டிவியில் வரும் அந்தப் படம் இன்றைய கென்யாவின் முழுப் படம் அல்ல. 2003ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 115 பேர் ஐந்து வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். 2022இல் அது 41. இந்தியாவின் 2019-21 கணக்கெடுப்பில் வந்த எண்ணும் ஏறக்குறைய இதேதான். தடுப்பூசி, கொசுவலை, எச்.ஐ.வி. மருந்து என்று பலவும் சேர்ந்து செய்த வேலை இது. அரசாங்கப் பணமும் உண்டு, முகம் தெரியாதவர்களின் நன்கொடையும் உண்டு. ஆகவே, ‘எவ்வளவு கொடுத்தாலும் அங்கே ஒன்றும் மாறாது’ என்ற பேச்சு கணக்குக்கு ஒத்துவராது.

துணி மூட்டையும் சீருடையும்

பழைய துணிக்கு வருவோம். கிசுமுவின் கிபுயே சந்தையில் ஞாயிற்றுக்கிழமை நடந்தால் கால் வைக்க இடமிருக்காது; குவியல் குவியலாக ‘மிதும்பா’, அதாவது வெளிநாட்டுப் பழைய துணி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொண்டுப் பெட்டிகளில் விழும் துணியில் பெரும்பகுதி வியாபாரிகளுக்கு விற்கப்பட்டு, பேல் பேலாகக் கட்டப்பட்டுக் கப்பலேறுகிறது. போட்டவருக்கு அது தானம். மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும்போது அது சரக்கு. அங்கே யாரும் சட்டைக்காகத் தவிக்கவில்லை.

ஆனால் ஒரே ஒரு துணிக்குப் பெரிய மதிப்பு உண்டு: பள்ளிச் சீருடை. கென்ய அரசு 2003 ஜனவரியில் தொடக்கக் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தபோதும் சீருடைச் செலவு பெற்றோர் தலையிலேயே இருந்தது. எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் துப்பா, மைக்கேல் கிரெமர் ஆகியோர் மேற்குக் கென்யாவின் 328 பள்ளிகளில் நடத்திய ஆய்வின் ஒரு பகுதியாக, தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களுக்குச் சீருடை இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது குறைந்தது. சிறு வயதில் கர்ப்பமாவதும் குறைந்தது. அந்தச் சீருடையை உள்ளூர்த் தையல்காரரே தைத்துவிடுவார். கரூரிலிருந்து மூட்டை கட்ட வேண்டியதில்லை.

புத்தகம் தோற்றது, மாத்திரை ஜெயித்தது

1990களில் ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் புசியா பக்கத்துப் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் கொடுத்தது. நாலு பிள்ளைகள் ஒரு புத்தகத்தைப் பகிர்ந்து படிக்கும் இடத்தில் இதைவிட நல்ல தானம் எது என்றுதான் யாருக்கும் தோன்றும். கிரெமர் குழு அளந்து பார்த்தபோது சராசரி மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே முதல் வரிசையில் இருந்த பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் முன்னேறினார்கள். காரணம் எளியது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தக் குழந்தைகளில் பலருக்கு வீட்டு மொழி ஒன்று, சுவாஹிலி இரண்டாவது, ஆங்கிலம் மூன்றாவது. புத்தகத்தைக் கையில் வாங்கிய பிள்ளைக்கு அதைப் படிக்க முடியவில்லை.

அதே வட்டாரத்தில் 1998இல் 75 பள்ளிகளில் வேறொன்று நடந்தது: குடற்புழு மாத்திரை. வெறுங்காலோடு நடக்கும், ஏரித் தண்ணீரில் இறங்கும் குழந்தைகளின் வயிற்றில் புழு இருப்பது அங்கே சாதாரணம். ரத்தசோகையும் சோர்வுமாகப் பிள்ளை வீட்டிலேயே கிடக்கும். எட்வர்ட் மிகெலும் கிரெமரும் எழுதிய முடிவின்படி, மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வராமல் இருப்பது சுமார் கால்வாசி குறைந்தது. தொற்று பரவுவது தணிந்ததால் மாத்திரை வாங்காத பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது. 20 ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, கூடுதல் வருடங்கள் மாத்திரை பெற்றவர்களின் மணிக்கூலி சுமார் 13 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஆகும் ஆண்டுச் செலவோ ஒரு டாலருக்கும் கீழே.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் ஆய்வாளர்கள் 2015இல் அதே தரவைத் திருப்பிப் போட்டு, சில முடிவுகள் நிற்கவில்லை என்றார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரு தானத்தை வைத்து இவ்வளவு சண்டை போட முடிகிறது என்றால், அது அளக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அளந்து பார்க்கும் இந்த முறைக்காகத்தான் கிரெமருக்கும் அபிஜித் பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு வந்தது.

கரூர் வலை

கொசுவலை விஷயத்தில் எனக்கு ஊர்ப் பாசமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் இருக்கும், மருந்தேற்றிய கொசுவலைகளைச் செய்யும் ஆலைகள் கரூரில் இருக்கின்றன. அங்கே தயாராகும் வலைகள் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகின்றன. ஆப்பிரிக்காவிலேயே, தான்சானியாவின் அருஷாவில் பெரிய வலை ஆலை ஒன்று ஓடுகிறது. சியாயா உட்படப் பல ஆப்பிரிக்க வட்டாரங்களில் 1990களில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், மருந்து வலை கட்டிய இடங்களில் குழந்தை இறப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. வலை, விநியோகம் எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கு 5 டாலர் அளவில் ஆகிறது.

‘இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், ஒரு சின்ன விலையாவது வை’ என்று நம் ஊரிலும் சொல்வார்கள், அங்கேயும் சொன்னார்கள். ஜெஸிகா கோஹனும் பாஸ்கலின் துப்பாவும் மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். இலவசமாகக் கொடுத்தபோது கிட்டத்தட்ட எல்லோரும் வாங்கினார்கள். விலை 60 சென்ட் ஆனதும் நூற்றுக்கு அறுபது பேர் கழன்றுகொண்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தினார்களா என்றால் அதுவும் இல்லை. கர்ப்பிணியின் கையில் அன்றைக்கு அந்த 60 சென்ட் இல்லை, அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் கொசுவலையை விரித்து அதன்மேல் ஒமேனா மீனைக் காயப்போட்டிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதைப் படமெடுத்துப் போட்டு, ‘பாருங்கள், உங்கள் தானம் படும் பாட்டை’ என்பவர்கள் உண்டு. மருந்து வலைக்கு ஆயுள் மூன்று வருஷம்தான். கிழிந்த வலை மீனுக்குப் போவதை நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். புதுவலை சமயத்துக்கு வந்ததா என்பதுதான் கேட்க வேண்டியது.

தகரம் சொன்ன செய்தி

ரொக்கம் கொடுப்பதைத்தான் நம்மவர்கள் கடைசியாக ஒப்புக்கொள்கிறார்கள். ‘குடிச்சே அழிச்சிருவாங்க’ என்பார்கள். 2015 வாக்கில் எங்கள் கடைப் பேரேட்டில் சியாயாப் பக்கத்துச் சில்லறைக் கடைகளின் தகர ஆர்டர் திடீரென ஏறியது. விசாரித்தால், கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு புல்கூரை வீடுகளுக்கு, வீட்டுக்குச் சுமார் 1,000 டாலர், கைபேசி வழியாக, நிபந்தனையே இல்லாமல் தவணைகளில் கொடுத்துவருவதாகச் சொன்னார்கள். மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கும் மூதாட்டி ஒருவர் கடைக்கே வந்து தகரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினார். “ஏம்மா, முதல்ல இதுவா?” என்று சுவாஹிலியில் கேட்டேன். “புல்லை மாத்தி மாத்தியே காசு போகுதுப்பா. மழை ராத்திரியில பிள்ளைங்க மூணும் உட்கார்ந்துகிட்டே தூங்குது. கூரை நின்னாத்தான் மத்ததெல்லாம்” என்றார்.

அந்த ரொக்க விநியோகமும் ஒரு சோதனைதான்; அது சியாயாவில் 653 கிராமங்களில் நடந்தது. சுமார் 10,500 வீடுகளுக்குப் பணம் போனது. 2022இல் வெளியான முடிவின்படி, கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலர் புரண்டது. விலைவாசி ஏறவே இல்லை என்று சொல்லலாம். 2025இல் அதே குழு இன்னொரு கணக்கை வெளியிட்டது: பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் குழந்தை இறப்பது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. பிரசவத்தை ஒட்டிப் பணம் வந்த வீடுகளிலும், மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த ஊர்களிலும் பலன் கூடுதல். தாய்மார்கள் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வயல் வேலைக்கு ஓடாமல் ஓய்வெடுக்க முடிந்ததும் ஒரு காரணம். பக்கத்தில் மருத்துவர் இல்லாத ஊரில் பணம் மட்டும் அவ்வளவு செய்ய முடியாது என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது.

அனாதை இல்லம் கட்டலாமா?

பெரிய தொகை வைத்திருப்பவர்கள் கேட்பது இது. என் பதில்: வேண்டாம். எச்.ஐ.வி. கடுமையாகத் தாக்கிய அந்த ஏரிக்கரையில் பெற்றோரை இழந்த குழந்தைகள் ஏராளம். அவர்களில் பெரும்பாலானோரை வளர்த்தது இல்லங்கள் அல்ல, பாட்டிகளும் அத்தைகளும்தான். உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வீட்டில் சோறும் பள்ளிச் செலவும் இல்லாததால்தான் அனுப்பிவிடுகிறார்கள். நல்ல கட்டடம் எழும்பினால் அதை நிரப்பக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிந்து வருவார்கள்.

கென்ய அரசு இதைப் புரிந்துகொண்டு, புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை 2017இல் நிறுத்தியது. குழந்தைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டத்தை 2022இல் அறிவித்தது. அதற்கும் முன்பே, 2004இல், ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கும் வீடுகளுக்கு மாத உதவித்தொகைத் திட்டத்தைச் சிறிய அளவில் தொடங்கியிருந்தது. பிறகு அது லட்சக்கணக்கான வீடுகளுக்கு, மாதம் 2,000 ஷில்லிங் என்று விரிந்தது. இல்லத்துக்குப் போகும் பணம் சமையல்காரர், காவலாளி, கட்டடம் என்று பிரியும். பாட்டிக்குப் போகும் பணம் பிள்ளையின் தட்டுக்குப் போகும்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கணக்கெழுதுபவனாக நான் பார்ப்பது சில விஷயங்களை. ‘நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?’ என்பதோடு பலர் நின்றுவிடுவார்கள். அது போதாது. வேலைக்காகாத பொருளை நிர்வாகச் செலவே இல்லாமல் கொடுத்தாலும் அது வீண்தான். ஒரு குழந்தைக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது, அதனால் என்ன மாறியது, அதை வெளியார் யாராவது சரிபார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஓர் அமைப்பு தன் நஷ்டத்தைத் தானே வெளியிடுகிறதா என்றும் பாருங்கள். காங்கோவில் 2022இல் கிவ்டைரக்ட்லியின் ஊழியர்களே சேர்ந்துகொண்டு சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள். அதைத் தொகையோடு வெளியிட்டது அந்த அமைப்பேதான். ‘எங்களிடம் ஒரு பைசா தவறியதில்லை’ என்று சொல்லும் அமைப்பைவிட இப்படிப்பட்ட ஐந்தொகையை நான் அதிகம் நம்புவேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில், நன்கொடை என்று குறிப்பிட்டு, வங்கி மூலம் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அனுப்பலாம். 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. லண்டனிலோ டொராண்டோவிலோ பிள்ளைகள் இருந்தால், அவர்கள் அங்கிருந்து கொடுப்பது சுலபம். அந்தந்த நாட்டு வரிச்சலுகையும் பெரும்பாலும் உண்டு.

இன்றைக்குத் தேவை கூடியிருக்கிறது. அமெரிக்க அரசு 2025இல் யு.எஸ்.எய்ட் அமைப்பையே மூடிவிட்டது. மலேரியா, எச்.ஐ.வி. வேலைகளுக்கு ஆப்பிரிக்கா முழுவதும் அது கொடுத்த பணம் பெரியது. தனி மனிதர்கள் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆனால் வலை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், மாத்திரை ஆண்டுதோறும் வேண்டும், குழந்தைகள் தினமும் பிறக்கிறார்கள். அதனால் ஒரே தடவை பெருந்தொகை கொடுத்துக் கைகழுவுவதைவிட, தாங்கக்கூடிய ஒரு தொகையை மாதாமாதம் தானாகக் கழியும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அந்த அமைப்பின் ஆண்டறிக்கையை எடுத்துப் படியுங்கள். மேலே சொன்ன கேள்விகளுக்கு அதில் கிடைக்கும் பதில் திருப்தியாக இல்லையென்றால் அமைப்பை மாற்றுங்கள். கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.