மதுரைக் கவர்னர் கான்சாகிபு

திருச்சியினின்று புதுக்கோட்டை செல்வோர் நார்த்தாமலைக் குன்றுகளைக் காணாதிரார். விசயாலய சோழீச்சுரத்தைக் கண்டு முத்தரையரையும் சோழரையும் நினைவுகூர்வோர் பலர். பிரெஞ்சுக்காரர் திருச்சியை முற்றுகையிட்டிருந்த 1750-களில், இந்தத் தொண்டைமான் சீமையின் காடுகளூடே தானியப் பொதிகளைக் காவலோடு கொண்டுசென்று, பசித்திருந்த ஆங்கிலப் படையைக் காத்த ஒரு தமிழ்ச் சிப்பாய்த் தலைவரை நினைப்போர் எத்தனை பேர்?

அவரே யூசுப்கான் என்னும் கான்சாகிபு. இராமநாதபுரம் சீமையின் பனையூரிலே எளிய இந்துக் குடும்பத்தில் பிறந்து, இசுலாம் தழுவியவர். தளபதி லாரன்சு அவர் திறமையை வியந்தார். கும்பினியார் தங்கப் பதக்கம் அளித்தனர். 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி அவர் கைக்கு வந்தது.

போர்வீரர் ஆளவந்தால் குடிகள் அஞ்சுவது இயல்பு. இங்கோ நிகழ்ந்தது வேறு. அவர் கொள்ளையரை அடக்கினார், கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்களை மீட்டளித்தார். பிற சமயத்தாரின் வழிபாட்டைப் பேணிய இப்பண்பை நாமும் எண்ணிப் பார்த்தல் தகும். அவருடைய மனைவியார் மாசா, போர்ச்சுக்கீசிய மரபில் வந்த கிறிஸ்தவர் என்பது வழிவழிச் செய்தி.

நல்லாட்சியே அவருக்கு வினையாயிற்று. கும்பினிக்கு நேரே கட்டுப்படுவேனேயன்றி ஆற்காட்டு நவாப் முகம்மதலிக்குக் கீழ்ப்படியேன் என நின்றார். நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு ஏழு இலட்ச ரூபாய் கட்டவும் இசைந்தார். ஏற்பாரில்லை. தாம் உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்களே 1763-இல் மதுரைக் கோட்டையைச் சூழ்ந்தனர். மழைக்காலம் வரவே முதல் முற்றுகை பயனற்றது. மறு ஆண்டு மீண்டும் வந்தனர். உள்ளே உணவு அருகிற்று.

கோட்டையைப் பகைவர் வென்றாரல்லர். 1764 அக்டோபர் 13-ஆம் நாள், அவர் தொழுகையில் இருந்த வேளையில், பிரெஞ்சுத் தலைவர் மார்ச்சாந்தும் திவான் சீனிவாசராவும் பிறரும் அவரைப் பிடித்துக் கட்டினர். உடனுண்டவர் காட்டிக்கொடுத்த கதையை நாம் பெரிய வியாழன்தோறும் கேட்கிறோம் அல்லவா?

இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 15-இல், மதுரைக்கு மேற்கே நவாபின் ஆணைப்படி தூக்கிலிடப்பட்டார். கயிறு அறுந்து விழுந்ததென்றும், மாண்ட பின்னும் அஞ்சி உடலைத் துண்டித்து ஊர் ஊராய் அனுப்பினரென்றும் மக்கள் இன்றும் சொல்வர். சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் உள்ளது. மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும், வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்னும் ஊரும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவருடைய போரைப் பாடும் நாட்டுக் கதைப்பாடலும் உண்டு, பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பித்துள்ளார்.