வேலி வெட்டினா வர்றது குப்பையா, தழையா?

நைட்ரஜனுக்கு நம்ம ஊர் விவசாயத்துல இருக்கிற பெயர் தழைச்சத்து. பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து. வெட்டிப் போட்ட வேலித்தழைக்கு நெருப்பு வைத்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பெயர்களே சொல்லிடும். தழைச்சத்து கிட்டத்தட்ட முழுக்கப் புகையோடு போய்விடும், கடைசியில் கையில் நிற்பது சாம்பல் சத்து.

ஏனாத்தூர் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஊர். ஒரு பக்கம் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, மனைப்பிரிவுகள் என்று வரிசையாக அழகு வேலிகள். இன்னொரு பக்கம் நெல் வயல். இங்கே ஒருத்தர் வேலி வெட்டுவதையே தொழிலாகச் செய்தால், வெட்டியதை எங்கே கொண்டுபோவது? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வண்டி. குட்டி யானையின் தொட்டி சுமார் 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். 1.2 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஏறக்குறைய 4 கனமீட்டர். அப்படியே அள்ளிப்போட்ட தழை ஒரு கனமீட்டருக்கு 80 முதல் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கு 320 முதல் 400 கிலோ. வண்டி தாங்குவதோ முக்கால் டன். அதாவது டீசல் போட்டு நாம ஓட்டிட்டுப் போறதில் பாதிக்கு மேல காத்து. இடத்திலேயே துண்டாக்கும் இயந்திரத்தில் விட்டால் அதே தழை இரண்டு மூன்று மடங்கு நெருக்கமாகும், இரண்டு நடை ஒரு நடையாகும்.

அடுத்து, வாங்குகிறவர். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 6.25 டன் பசுந்தழை உரம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு 2.5 டன், அதாவது நம்ம கணக்கில் ஆறு முதல் எட்டு குட்டி யானை. பூவரசு, புங்கன், ஆடாதொடை, எருக்கு என்று தழை ஒடித்து வயலில் மிதித்தது பழைய வழக்கம்தான். வரப்பில் கிளைரிசிடியா வைத்து வெட்டிப் போடுகிறவர்கள் இப்போதும் உண்டு. அப்போ வேலித்தழையை ஏன் யாரும் கேட்டு வாங்குறதில்லை?

குச்சிதான் காரணம். நாற்று நடுகிறவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்குவார்கள். விரல் தடிமன் குச்சி காலைக் கிழிக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை. தெரியாத பிரச்சினை ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. மண் நுண்ணுயிரின் உடம்பில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் எட்டுப் பங்கு கார்பன். சாப்பிடும் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக விட்டுவிடும். ஆக அதற்கு வேண்டிய தீனி 24க்கு 1. இளந்தழை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வரும். மரச்செதிலோ 200க்கு 1, சில சமயம் 500க்கு 1. அதை வயலில் புதைத்தால் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணில் இருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். உரம் போட்டதாக நினைத்து உரத்தைப் பிடுங்கின கதை.

நான் கவனித்ததில் முக்கியமானது இதுதான்: தழையா குச்சியா என்பதைத் தீர்மானிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுறோம் என்பது. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் விழுவது பெரும்பாலும் இளங்கொழுந்து. ஆறு மாதம் விட்டால் அதே செடியில் விழுவது விறகு. வாடிக்கையாளரிடம் மாத ஒப்பந்தமா, தேவைப்படும்போது கூப்பிடுவதா என்று பேசும்போதே மறுசுழற்சியில் பாதி முடிவாகிவிடுகிறது. இயந்திரம் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

விறகான குச்சிக்கும் வழி இருக்கு. 1920களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் மக்குரம் செய்தபோது பருத்தி மார், துவரை மார் எல்லாம் அவருக்கும் தலைவலிதான். பண்ணைச் சாலையில் பரப்பிவிட்டார், போகிற வருகிற வண்டிகள் நசுக்கிக் கொடுத்தன. செலவில்லாத துண்டாக்கும் இயந்திரம்! அதை மாட்டுக்கு அடியில் படுக்கையாகப் போட்டு, சாணமும் மூத்திரமும் ஊறியபின் குவியலில் சேர்த்தார். மூன்று மாதத்தில் உரம். யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அவர் 1931ல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் போனது. குச்சியில் இருக்கும் லிக்னின் பாக்டீரியாவுக்கு எளிதில் மசியாது, அதைப் பிரிப்பதில் பூஞ்சைதான் கெட்டிக்காரன். தென்னை நார்க்கழிவுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இதே தத்துவம்: ஒரு டன் கழிவுக்குச் சிப்பிக்காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும். கார்பன் விகிதம் 112லிருந்து 24 வரை இறங்கும் என்கிறார்கள்.

அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் செதிலை வெட்டிய வேலியின் காலடியிலேயே மூடாக்காகப் போடலாம். மேலே கிடக்கும்வரை அது மண்ணுக்குள் நைட்ரஜனைப் பெரிதாகத் தொடாது, வெயிலில் ஈரம் காக்கும். வண்டிக்கூலியும் மிச்சம். என்னைக் கேட்டால் இதுதான் முதல் வழி.

செடியைப் பார்த்துப் பிரிக்கவும் வேண்டும். அரளி காய்ந்தாலும் விஷம் போகாது, ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டவே கூடாது. கிளுவைக் குச்சி ஈரத்தில் கிடந்தால் துளிர்த்துவிடும். கொடுக்காய்ப்புளியில் முள். இவற்றைத் தனியாகக் கட்டுங்க, அதுவும் சணல் கயிற்றில். பிளாஸ்டிக் கயிறு ஒரு துண்டு கலந்தாலும் அடுத்த தடவை வயல்காரர் வண்டியை உள்ளே விடமாட்டார்.

சட்டமும் இதே பக்கம்தான். 2016 திடக்கழிவு விதிகள் தோட்டக் கழிவைத் தனியாக வைக்கச் சொல்லின, தெருவில் எரிப்பதைத் தடுத்தன. அதற்கு முந்தைய ஆண்டே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் சருகு, குப்பை எரித்தால் 5,000 ரூபாய் என்று உத்தரவிட்டது. புனேயில் பிரௌன் லீஃப் என்றொரு முயற்சி, சருகு இருப்பவரையும் வேண்டியவரையும் சேர்த்துவைக்கிறது. நம்ம பக்கத்துக்கும் அந்த மாதிரி ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு. வேலி வருஷம் முழுக்க வளரும், வயலுக்குத் தழை வேண்டியது நடவுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னாடி மட்டும்: சொர்ணவாரி, சம்பா, நவரை. நடுவில் வருவதைக் குவித்துத்தான் ஆகணும். குவியல் ஒரு கனமீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. 55 டிகிரியில் மூன்று நாள் நின்று, புரட்டிவிட்டு மறுபடி சூடேறினால் களை விதை பெரும்பாலும் சாகும். பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் போதும். நாற்றம் வந்தால் காற்றில்லை என்று அர்த்தம், குச்சித் துண்டு கலந்து புரட்டுங்க. ஐப்பசி மழைக்கு மேலே தென்னங்கீற்று போட்டு மூடிடுங்க, இல்லைன்னா சேர்த்த சத்து தண்ணியோடு போயிடும்.