அவன் கேட்ட சிடி4

கம்பெனி பஸ்கள் பென்னலூரில் நெடுஞ்சாலை ஓரம் வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு பையனின் நினைவு வரும். அப்போது நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சிடி4 எண்ணும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வருவான். ஐடி கார்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்திருப்பான், கம்பெனிப் பெயரை யாரும் படித்துவிடக் கூடாதென்று.

"அக்கா, 410-னு போட்டிருக்கு. இந்த சிடி4 உடம்புல எங்கக்கா இருக்கு?"

"350-க்கு மேலதான் இருக்கு தம்பி, பயப்படாதே" என்று சொல்லி அனுப்பினேன். அன்றைய விதிப்படி, வேறு தொந்தரவு இல்லாதவருக்கு எண் 350-க்குக் கீழே இறங்கினால்தான் எச்ஐவி மாத்திரை. அவன் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை.

சிடி4 என்பது டி செல் என்ற வெள்ளணுக்களில் ஒரு வகையின் மேற்சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். வெளியிலிருந்து வரும் சேதியைப் பிடிக்கும் இப்படிப்பட்ட புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, சிடி4-இல் மட்டும் ஒட்டுகிற ஒளிரும் ஆன்டிபாடியைக் கலப்போம். லேசருக்கு முன்னால் செல்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். திரையில் ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி விழும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அப்படிப்பட்ட செல்கள் எத்தனை என்பதுதான் அவன் சீட்டில் இருந்த 410.

ஆனால் ஏற்பி ஆணியடித்து வைத்த பொருள் அல்ல. சிடி4-இன் வால் செல்லுக்குள் தொங்குகிறது. எல்சிகே என்ற புரதம் அந்த வாலைப் பிடித்திருக்கும்வரை ஏற்பி மேலேயே நிற்கும். செல் தூண்டப்பட்டால் அந்தப் பிடி தளரும். சவ்வு அந்த இடத்தில் குழிந்து, சிறு பையாகக் கிள்ளப்பட்டு, ஏற்பியோடு உள்ளே போய்விடும். உள்ளே போனதில் சில திரும்ப மேலே வரும்; சில லைசோசோம் என்ற அறையில் செரிந்துபோகும். வந்த சேதிக்கே ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்காமல் இருக்க, செல் தன் ஏற்பிகளை இப்படிக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்கிறது.

1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் சோதிக்கப்பட்டபோதுதான், எச்ஐவி இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று முதலில் தெரிந்தது. அது செல்லுக்குள் நுழையப் பிடிப்பது சிடி4-ஐத்தான் என்பது 1984-லேயே தெரிந்திருந்தது. சிசிஆர்5 என்ற இன்னோர் ஏற்பியும் பெரும்பாலும் அதற்குத் தேவை என்பது 1996-இல் தெரிந்தது.

என்னை இன்றும் உலுக்குவது நுழைந்தபின் அது செய்யும் வேலை. வைரஸின் நெஃப் என்ற புரதம் ஒரு பக்கம் சிடி4-இன் வாலையும் மறு பக்கம் செல்லின் சொந்த இழுவைக் கருவியான ஏபி-2-ஐயும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த சிடி4 நேராக லைசோசோமுக்குத்தான், திரும்பி வருவதில்லை. வைரஸுக்கு இதில் லாபம் இருக்கிறது. சிடி4 மேலேயே இருந்தால், வெளியேறும் புது வைரஸ்கள் பிறந்த செல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். அதோடு, சிடி4-ஐத் தொட்டதும் வைரஸின் உறைப்புரதம் விரிந்து, மறைத்து வைத்த பகுதிகளை ஆன்டிபாடிகளுக்குக் காட்டிவிடும். வளர்ப்புத் தட்டில் தொற்றிய செல்களை மெஷினில் விட்டால், அவற்றின் புள்ளிகள் ஒளி மங்கிக் கீழே சரிந்து நிற்கும்.

நெஃப் எவ்வளவு முக்கியம் என்பதைச் சிட்னி காட்டியது. அங்கே ஒரு ரத்த தானியிடமிருந்தும் அவர் ரத்தம் ஏற்றப்பட்டவர்களிடமிருந்தும் எடுத்த வைரஸில் நெஃப் மரபணு சிதைந்திருந்தது. அவர்கள் பல ஆண்டுகள் மருந்தில்லாமலே நோயின்றி இருந்தார்கள் என்று 1995-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அந்தப் பையனின் 410-இல் இது எதுவும் தெரியாது. அது உயிரோடு இருக்கும் செல்களின் கணக்கு மட்டும்தான். எண் இறங்கட்டும் என்று அவன் காத்திருந்த மாதங்களில், தொற்றிய செல்களுக்குள் நெஃப் இழுத்துக்கொண்டேதான் இருந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 2004-லேயே இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எண் எதுவானாலும் எல்லோருக்கும் உடனே மாத்திரை என்று 2017-இல்தான் விதி மாறியது. அந்த வருஷம் அவன் வந்தபோது எண் 362.


"இனி இறங்க வேணாம்ல அக்கா?" என்றான்.