துப்பாக்கியைக் கைமாற்றுவோர் அறிய வேண்டியவை

காட்டோரத்தில் கடலையும் மரவள்ளியும் பயிரிடும் குடியானவர்களுள் சிலர், பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். கடன் முற்றிய காலத்தில் மாட்டை விற்பது போலவே அதையும் விற்றுவிடலாமென்று எண்ணுவது இயல்பே. ஆனால் மாட்டை விற்பவன், வாங்குகிறவன் யார், எத்தகையவன் என்று விசாரிக்கக் கடமைப்பட்டவனல்லன்; துப்பாக்கியை விற்பவனோ கடமைப்பட்டவன்.

1878-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1959-இல் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் அமுலில் இருந்துவரும் ஆயுதச் சட்டம், சொந்த உபயோகத்துக்காக முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை வியாபாரி லைசென்ஸ் இன்றியே விற்க இடமளிக்கிறது. எனினும் மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, வாங்குகிறவர் அதை வைத்திருக்க உரிமையுள்ளவரா என்று விசாரித்தறிய வேண்டும்; விசாரியாது ஒப்படைப்பதே குற்றம். இரண்டாவது, விற்கும் உத்தேசத்தையும், வாங்குகிறவரின் பெயர், விலாசத்தையும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது, அவ்வாறு தெரிவித்தபின் 45 நாட்கள் கழியும்வரை துப்பாக்கியைக் கொடுத்தலாகாது.

வாங்குகிறவனுடைய மனத்திலுள்ளதை விற்பவன் எவ்வாறு அறிவான் என்று கேட்கலாம். சட்டம் அவனை ஜோசியம் பார்க்கச் சொல்லவில்லை. அவன் அறிந்திருந்தது என்ன, அறிந்துகொள்ளக் காரணம் இருந்தது எது என்பதையே கவனிக்கிறது. வாங்குகிறவர் 21 வயது நிரம்பாதவர், பலாத்காரக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்று அது முடிந்து 5 வருஷம் கழியாதவர், சித்தசுவாதீனமற்றவர் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ விற்றால் அது குற்றமாகும்.

பங்காளியோடு வரப்புத் தகராறில் இருக்கும் ஒருவன் இரவில் வந்து, லைசென்ஸைக் காட்டாமல், "விலைக்கு மேல் தருகிறேன், எவருக்கும் சொல்ல வேண்டாம்" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பன்றி விரட்டவே கேட்டான் என்று பின்னர் கூறும் சமாதானம் கோர்ட்டில் எடுபடுவது அரிது. அவனுடைய தீய நோக்கத்தை அறிந்தே கொடுத்திருந்தால், நேரும் குற்றத்துக்கு உடந்தையாயிருந்ததாகவும் வழக்கு வரக்கூடும்.

விலைக்கு விற்பது மட்டுமே கைமாற்றம் என்று கருதுவது தவறு. வாடகைக்கு விடுவது, இரவல் தருவது, இனாமாகக் கொடுப்பது, எவ்வகையிலேனும் தன் வசத்திலிருந்து பிறர் வசம் விடுவது யாவும் சட்டப்படி கைமாற்றமே. ஆகவே லேவாதேவிக்காரரிடம் துப்பாக்கியை ஈடு வைப்பதும் ஆபத்தானது. லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டாலும், தகப்பனார் காலமானபின் லைசென்ஸ் இல்லாத மகன் கைக்கு அது வந்தாலும், தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிய விதிகளின்படி லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும்.

அந்த 45 நாட்கள் விற்பவனுக்கு வீண் தாமதமாகத் தோன்றலாம். உண்மையில் அவனுக்குப் பாதுகாப்பு அதுவே. வாங்குகிறவரைப் பற்றி அதிகாரிகள் விசாரிக்க அவகாசம் கிடைக்கிறது. பணமுடையால் அவ்வளவு நாள் பொறுக்க இயலாத அங்கத்தினர், தவணை கடக்குமுன் சங்கத்தாரிடம் அவகாசம் கோருவதே விவேகம். தவறிய தவணையைப் பின்னர் கட்டிவிடலாம். தகாதவன் கையில் சென்ற துப்பாக்கியால் போன உயிரை மீட்க எந்தச் சங்கத்தாலும் ஆகாது.