காய்ச்சல் போன பிறகும் மூட்டு ஏன் வலிக்கிறது?

பெருமாள்மலைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களுக்கு விரல்தான் கருவி. அந்த விரல் விடியற்காலையில் மடங்க மறுத்தால் அன்றைய கூலியே கேள்விக்குறி. டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் பிடிக்க முடியும். வெயில் ஏறிய பிறகே விரல் கொஞ்சம் இளகும். சிக்குன்குனியா வந்து போன பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இதே பாடுதான். காய்ச்சல் என்னவோ ஒரே வாரத்தில் போய்விட்டது. பிறகு ஏன் இந்த வலி?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். சிக்குன்குனியா ஒரு வைரஸ். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு இதைப் பரப்புகிறது. 1963இல் கல்கத்தாவிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் இது பெரிதாகப் பரவியது. 1973க்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நாட்டில் பேச்சே இல்லை. 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006இல் மட்டும் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று பதிவானது. மலைக்குளிரில் கொசு குறைவுதான். ஆனால் மலையில் இருக்கும் நாம் அடிவாரத்து வத்தலக்குண்டுக்கும் பழனிக்கும் இறங்கி ஏறுகிறவர்களாயிற்றே.

இனி, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருவோம். மார்கழிக் குளிரில் மூட்டு பிடித்துக்கொண்டால், "மறுபடியும் சிக்குன்குனியா வந்திருச்சு" என்கிறோம். அநேகமாக அது மறுபடி வந்ததல்ல. ஒருமுறை வந்தால் உடம்பில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நெடுங்காலம் காக்கும். ரத்தத்தில் வைரஸ் இருப்பதும் ஏறக்குறைய முதல் ஒரு வாரம்தான். அதன் பிறகு நோயாளியைக் கடிக்கும் கொசு இன்னொருவருக்கு நோயைக் கொண்டுபோகாது. குளிரும் வலியை உண்டாக்குவதில்லை. இருக்கிற வலியைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவே.

அப்படியானால் வலிப்பது எது? அட்டைக்கடி நமக்குப் பழக்கம்தானே. அட்டை ரத்தம் குடித்துவிட்டு எப்போதோ விழுந்துவிடும். கடித்த இடம் மட்டும் பல நாள் அரித்துக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பு, உள்ளே வந்த அந்நியப் பொருளுக்கு நம் உடம்பு காட்டும் எதிர்ப்பு. மூட்டிலும் இதே கதைதான். மூட்டின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. வைரஸை விரட்ட அங்கே வந்து சேர்ந்த எதிர்ப்பு அணுக்கள் வேலை முடிந்த பிறகும் சிலருக்குக் கலைவதில்லை. அதனால் சவ்வு வீங்குகிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகிவிடுகிறது.

அந்த அணுக்கள் ஏன் கலையவில்லை? ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வை, காய்ச்சல் வந்து 18 மாதம் கழித்துச் சோதித்தார்கள். வைரஸின் மிச்சங்கள் அங்கே இருந்தன. அந்த மிச்சமே எதிர்ப்பைத் தூண்டிக்கொண்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நாற்பதைத் தாண்டியவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டுக் கோளாறு உள்ளவர்கள், ஆரம்பத்திலேயே கடுமையாக வலித்தவர்கள் ஆகியோருக்கு வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

இதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையும் புரியும். காய்ச்சல் இருக்கும் நாட்களில் பாராசிட்டமால் போதும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். அவை ரத்தக்கசிவை உண்டாக்கலாம். காய்ச்சல் போன பிறகு வரும் வலிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதில் பயனில்லை. மெடிக்கலில் நாமாக வாங்கிப் போடும் ஸ்டீராய்டு உடனே சுகம் தரும். நாளடைவில் சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், விரலை மெதுவாக மடக்கி நீட்டிப் பழகுங்கள்.

மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் வடியவில்லை என்றால் மூட்டுவாத மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். முடக்குவாதமும் இதே முகத்தோடுதான் வரும்; இரண்டையும் பிரித்தறிய ரத்தப் பரிசோதனைகள் உதவும். "சிக்குன்குனியா வலிதானே, தானா போகும்" என்று முடக்குவாதத்தை வளரவிட்டால் மூட்டு கோணிப்போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் அதைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன.