மறுக்கப்பட்ட தங்கை: அடையாளம் மறைத்தலும் சகோதரி நாவல்களும்



அக்கா தங்கை உறவை மையமாகக் கொண்ட நாவல்களைக் குடும்பக் கதைகள் என்று ஒதுக்கிவிடுவது விமர்சகர்களிடம் உள்ள பழக்கம். பாசம், பொறாமை, சொத்துத் தகராறு, இவற்றைத் தாண்டி அதில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் எழுதிய சகோதரி நாவல்களைப் படித்தால் இந்தக் கேள்வி நிற்காது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரைச் சமூகம் எப்படி இரண்டு உலகத்துக்குப் பிரித்து அனுப்புகிறது என்பதே அவற்றின் பொருள். இந்த நினைவுச் சொற்பொழிவில் அப்படிப்பட்ட மூன்று நாவல்களைப் பேச எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எழுதியவை.

தலித் மேடையில் இவை எதற்கு என்று யாரும் கேட்கமாட்டீர்கள். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்ஸ், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டது. டு பாய்ஸ் ஆசிரியராக இருந்த 'தி கிரைசிஸ்' இதழின் இலக்கியப் பகுதியை 1919 முதல் 1926 வரை கவனித்தவர் ஜெஸ்ஸி ரெட்மன் ஃபாசெட் என்ற பெண். நான் பேசப்போகும் முதல் நாவல் அவருடையது.

அதற்குமுன் 'பாஸிங்' என்ற சொல்லை விளக்க வேண்டும். அடிமை முறையில் வெள்ளை முதலாளிகள் கறுப்பினப் பெண்கள்மீது நடத்திய வன்முறையால், வெளிறிய தோலுடைய பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தார்கள். முன்னோரில் ஒருவர் கறுப்பர் என்றாலே அந்தப் பிள்ளையும் கறுப்பர்தான் என்பது அன்று அங்கிருந்த நியதி. லூசியானாவில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறிய ஹோமர் பிளெஸ்ஸியின் பூட்டனார் பூட்டியார் எட்டுப் பேரில் ஒருவர் மட்டுமே கறுப்பர். அவர் வழக்கில்தான் 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரித்து வைப்பது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்த நிலையில், பார்த்தால் தெரியாத சிலர் ஊரைவிட்டுப் போய் வெள்ளையராகவே வாழ்ந்தார்கள். அதைத்தான் பாஸிங் என்பார்கள்.

ஃபாசெட்டின் 'பிளம் பன்' 1928இல் வெளிவந்தது. பிலடெல்பியாவில் ஓர் எளிய குடும்பம். மூத்தவள் ஆஞ்சலா தாயைப்போல வெளுத்த நிறம். இளையவள் வர்ஜினியா தந்தையைப்போலக் கறுப்பு. சனிக்கிழமைகளில் தாயும் ஆஞ்சலாவும் வெள்ளையர் கடைகளுக்கும் தேநீர் விடுதிகளுக்கும் போய்வருவார்கள். தாய்க்கு அது வாரத்தில் ஒருநாள் விளையாட்டு. ஒருநாள் தந்தையும் வர்ஜினியாவும் தெருவில் எதிரே வருகிறார்கள். தாய் அவர்களைத் தெரியாததுபோல் நின்றுவிடுகிறாள். பக்கத்தில் நிற்கும் சிறுமி அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறாள்.

பெற்றோர் இறந்தபின் ஆஞ்சலா நியூயார்க் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வெள்ளைப் பெண்ணாக வாழ்கிறாள். பணக்கார வெள்ளைக் காதலன் அமைகிறான். தங்கை ஊரிலிருந்து வருகிறாள். அக்கா ரயில் நிலையத்துக்கு அழைக்கப் போகிறாள். அங்கே காதலன் எதிர்ப்படுகிறான். சின்ன வயதில் விளையாடிய விளையாட்டை நினைவில் வைத்து, தெரியாதவளைப்போல ஒரு பெயரைச் சொல்லி, நீங்கள் அவர்தானே என்று தங்கை சிரித்துக்கொண்டே வந்து கேட்கிறாள். நீங்கள் ஆளை மாற்றிப் பேசுகிறீர்கள் என்று அக்கா பதில் சொல்கிறாள். வன்முறை எதுவும் இல்லை, ஒரு வசைச்சொல்கூட இல்லை. இரண்டு பேருக்கும் மட்டும் சொந்தமாக இருந்த விளையாட்டே தங்கையை மறுக்கும் கருவியாகிவிடுகிறது. நிறவெறி வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிரிட் பென்னட்டின் 'தி வேனிஷிங் ஹாஃப்' 2020இல் வந்தது. லூசியானாவில் மல்லார்ட் என்ற கற்பனை ஊர். டெசிரே, ஸ்டெல்லா இரட்டைப் பிறவிகள். தந்தையை வெள்ளையர்கள் கொன்றதைப் பிள்ளைகளாக இருந்தபோது பார்த்தவர்கள். பதினாறு வயதில் இருவரும் ஊரைவிட்டு ஓடுகிறார்கள். பிறகு ஸ்டெல்லா மட்டும் காணாமல் போய் வெள்ளைக்காரியாகிவிடுகிறாள். வசதியான பகுதியில் அவள் வாழும்போது அங்கே ஒரு கறுப்பினக் குடும்பம் வீடு வாங்க வருகிறது. அவர்களைத் தடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசுபவள் ஸ்டெல்லா. கறுப்பரைக் கறுப்பர்தான் அடையாளம் கண்டுவிடுவார் என்பது அவள் அச்சம்.

இந்த நாவலில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. மல்லார்ட் ஊரே வெளிறிய தோலைப் பெருமையாகக் கருதும் கறுப்பர்களின் ஊர். டெசிரே தன் கருத்த மகளோடு திரும்பி வரும்போது அந்தக் குழந்தையை ஊரே இழிவாக நடத்துகிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதுதான். மிதிபடுகிறவரும் தனக்குக் கீழே ஒருவரைத் தேடுகிறார். நம் உட்சாதிகளுக்குள் பெண் கொடுக்காமலும் எடுக்காமலும் இருப்பவர்கள் மல்லார்ட் ஊரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

மூன்றாவது, ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்', 1982. இங்கே பாஸிங் இல்லை. பிரிப்பது படிப்பும் ஆணும். தந்தை என்று நம்பியவனால் சிதைக்கப்பட்டு, கருவுற்று, பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறாள் செலி. தங்கை நெட்டிக்கு அந்தக் கதி வராமல் குறுக்கே நிற்கிறாள். நெட்டியைக் கேட்டு வந்தவனுக்கு, பசுமாட்டோடு சேர்த்துச் செலியைக் கட்டிவைக்கிறார்கள். தான் படித்ததை அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்ற நெட்டி, வீட்டைவிட்டு விரட்டப்பட்டபின் ஆப்பிரிக்காவிலிருந்து கடிதம் எழுதுகிறாள். கணவன் அவற்றை ஆண்டுக்கணக்கில் ஒளித்துவைக்கிறான். கடவுளுக்கே கடிதம் எழுதிவந்த செலி, அவற்றைக் கண்டெடுத்தபின் தங்கைக்கு எழுதத் தொடங்குகிறாள்.

மூத்தவளின் உடல் இளையவளின் படிப்புக்கு விலையாவதை நம் சேரிகளில் பார்க்காதவர் யார்? கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் அடைத்துவைத்து வேலை வாங்க அழைத்துச் செல்லப்பட்ட பெண்களில் தலித் பெண்கள் ஏராளம். அக்கா மில்லுக்குப் போன கூலியில் தங்கை கல்லூரிக்குப் போயிருக்கிறாள். அந்தக் கடன் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

இனி நம் பக்கம் வருவோம். அமெரிக்காவில் யார் தாண்டலாம் என்பதைத் தோல் தீர்மானித்தது. சாதி தோலில் எழுதப்படவில்லை. அதனால்தான் நகரத்தில் அதைக் கேள்விகளால் தேடுகிறார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள், குலதெய்வம் எது? சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் எழுதிய 'ஸ்டிக்மா' நூலில், இழிவு வெளியே தெரிந்துவிட்டவரையும், தெரிந்துவிடுமோ என்ற நிலையில் இருப்பவரையும் பிரித்துக் காட்டினார். இரண்டாமவரின் முழு வாழ்க்கையும் தகவலைக் காப்பதிலேயே போகிறது. மராத்தியில் பாபுராவ் பாகுல் அதே 1963இல் சாதியை மறைத்தவனின் கதையை எழுதினார். ரோஹித் வெமுலா இறந்த 2016இல்தான் பத்திரிகையாளர் யாஷிகா தத் தன் சாதியை வெளிப்படையாகச் சொன்னார்.

நகரத்து வாடகை வீட்டில் சாதியை மறைத்து வாழும் தங்கைக்குப் பெரிய ஆபத்து யார்? காலனியிலிருந்து, வட்டாரப் பேச்சோடு, கையில் பையோடு பார்க்க வரும் அக்காதான். நிறமோ முகமோ தங்கையைக் காட்டிக்கொடுக்காது. அக்காவின் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். நல்லது கெட்டதுக்கு அக்காவை அழைக்க முடியாது. பிள்ளைகளுக்குப் பெரியம்மா வீடு தெரியாது. படிக்கவைத்தவளையே மறைக்க வேண்டிவருகிறது. பிளம் பன்னும் கலர் பர்ப்பிளும் ஒரே வீட்டில் நடக்கின்றன.

இதைச் சொல்லும்போது மறைத்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. வீடு மறுக்கிறவரும், சாதி தெரிந்ததும் தண்ணீர்க் குவளையை மாற்றுகிறவரும் வெளியே இருக்க, அவளை மட்டும் விசாரிப்பது நியாயமில்லை. ஃபாசெட்டும் அவளை விசாரிக்கவில்லை. 1923இல் சிற்பி அகஸ்டா சாவேஜ் பிரான்ஸின் ஃபோன்டன்புளோ கலைப்பள்ளியில் சேர, நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். அதுபோன்றதொரு மறுப்பு நாவலில் ஒரு கறுப்பின மாணவிக்கு நேர்கிறது. அப்போது ஆஞ்சலா, நானும் கறுப்பினப் பெண்தான் என்று பத்திரிகையாளர்கள் முன் சொல்லித் தனக்குக் கிடைத்த வாய்ப்பையும் இழக்கிறாள். தனியாகச் சொல்ல முடியாததை, இன்னொருத்திக்காகச் சொல்ல முடிகிறது.

ஆகவே இந்த நாவல்களைப் படிக்கும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சகோதரிகளில் வெளியே போகும் வாய்ப்பு ஒருத்திக்கு மட்டும் எப்படி வந்தது? அதற்கான விலையைக் கொடுத்தவள் யார்? கதை யார் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது? பெரும்பாலும் போனவளின் கதையே நமக்குக் கிடைக்கிறது. ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்ற தங்கையின் கதை இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. தமிழில் அதை எழுதக்கூடியவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன். அதை எழுதுவதும், அக்கா கதவைத் தட்டினால் பயமில்லாமல் திறக்கக்கூடிய தெருக்களை உருவாக்கப் போராடுவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.